மேக் இல்லாமல் ஜெயில்பிரேக் ஐபோனுக்குச் செயலி எழுதக் கற்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். கடலூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். ஜாவாவும் பைத்தானும் ஓரளவு தெரியும். கையில் இருப்பது அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி, ஆப்பிளின் மேக் கணினி கிடையாது. லாரன்ஸ் ரோட்டில் ஒரு கடையில் பழைய ஐபோன் 7, ஐபோன் 8 இரண்டும் விலைக்கு இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, ஜெயில்பிரேக் செய்த, அதாவது ஆப்பிள் போட்ட பூட்டைத் தளர்த்திய, போன்களுக்கான செயலிகளை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்தப் போன், எந்த மொழி, எங்கே தொடங்குவது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், இது சட்டப்படி தப்பாகிவிடுமா என்று அப்பா பயப்படுவதாகவும் சேர்த்திருக்கிறீர்கள். மொழியையும் கருவியையும் ஒரு மாலைப்பொழுதில் சொல்லி முடித்துவிடலாம். படிப்பில் மிச்சமிருக்கும் ஆண்டுகளை இதில் போட்டால் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதே உங்கள் உண்மையான கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். புதுச்சேரியில் இருந்தபடி பல ஆண்டுகளாக ஐபோன் செயலிகளை எழுதியும், பிறர் எழுதிய செயலிகளின் பாதுகாப்பைச் சோதித்தும் வருகிறேன். சோதனை மேசையில் ஜெயில்பிரேக் செய்த போன் ஒன்று எப்போதும் இருக்கும். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். சட்டம் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும், நான் வழக்கறிஞன் அல்லன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயில்பிரேக் போன்களுக்குச் செயலி எழுதி விற்றுப் பிழைக்கலாம் என்ற எண்ணத்தோடு இறங்க வேண்டாம். அந்தச் சந்தை சுருங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஓர் இயங்குதளம் உள்ளுக்குள் எப்படி நடக்கிறது, மூலநிரல் கையில் இல்லாத ஒரு நிரலை எப்படிப் படிப்பது, அது எதிர்பாராத இடத்தில் விழுந்தால் காரணத்தை எங்கே தேடுவது என்பவற்றையெல்லாம் ஒரு மாணவரின் கைச்செலவுக்குள் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல களம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நேர்காணலுக்கு வரும் இளைஞர்களில் பெரும்பாலோருக்கு நூலகங்களை அடுக்கி ஒரு செயலியைக் கட்டி நிறுத்தத் தெரிகிறது. அந்தச் செயலியைத் தொட்டுத் திறந்த நொடியில் இயங்குதளத்தின் மையமான கர்னல் எதையெல்லாம் சரிபார்க்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இந்த வழியில் பொறுமையாக வந்தவருக்கு அங்கே பேச்சு நிற்காது.

சந்தை ஏன் சுருங்கியது என்பது தெரிந்தால், எதைக் கற்க வேண்டும் என்பதும் தெளிவாகும். முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்தபோது, வெளியார் எழுதிய செயலி எதையும் அதில் நிறுவ வழியில்லை. அடுத்த மாதமே அதன் பூட்டைத் திறந்துவிட்டார்கள். ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரியில், ஜெயில்பிரேக் போன்களுக்கான செயலிக் கடையான சிடியாவை ஜே ஃப்ரீமன் வெளியிட்டிருந்தார். டெபியன் லினக்ஸில் மென்பொருளை நிறுவப் பயன்படும் ஏபிடி, டிபிகேஜி ஆகிய இரண்டையும் அவர் அப்படியே ஐபோனுக்குக் கொண்டுவந்தார். இன்று சிடியாவின் இடத்தில் சிலியோ, ஸீப்ரா போன்றவை இருக்கின்றன என்றாலும் நிறுவுவதற்கான பொதிகள் இன்றும் டெபியனின் டெப் கோப்புகள்தான். அந்த முதல் சில ஆண்டுகளில், ஆப்பிள் தராத வசதிகளை வேண்டியவர்கள் ஜெயில்பிரேக் பக்கம் வந்தார்கள். முகப்புத் திரையின் பின்னணிப் படத்தை மாற்றுவது, வந்த அறிவிப்புகளை ஒரே இடத்தில் பார்ப்பது, அமைப்புகளுக்குள் போகாமலே வைஃபையை அணைப்பது ஆகியவையெல்லாம் முதலில் ட்வீக்குகளாக, அதாவது ஐபோனின் நடத்தையை மாற்றும் சிறு நிரல்களாக, இருந்தவை. முதலாவது 2010-இல் ஐஓஎஸ் (ஐபோனின் இயங்குதளம்) 4-இலும், இரண்டாவது 2011-இல் ஐஓஎஸ் 5-இலும், மூன்றாவது 2013-இல் ஐஓஎஸ் 7-இலும் அதிகாரப்பூர்வ வசதிகளாகிவிட்டன. அதே ஐஓஎஸ் 7-இல்தான் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் ஐபோனில் சேர்ந்தன. வெளியார் எழுதும் விசைப்பலகைகளை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த 2014-இல் ஐஓஎஸ் 8 வழிவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக உள்ளே போகப்போக, சாதாரணப் பயனருக்குப் போனைத் திறந்து வைக்க வேண்டிய காரணம் குறைந்துகொண்டே வந்தது. 2018 டிசம்பரில் சிடியாவில் பணம் கொடுத்து வாங்கும் வசதியே நிறுத்தப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. திறப்பதற்குத் தேவையான பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினமாகிவிட்டது. 2018-இல் வந்த ஏ12 சிப்பிலிருந்து, நினைவகத்தில் முகவரிகளைக் குறிக்கும் சுட்டிகளுக்கே கையொப்பம் இட்டுச் சரிபார்க்கும் முறை வன்பொருளிலேயே இருக்கிறது. அதைத் தாண்டி ஒருவர் ஓட்டையைக் கண்டுபிடித்தாலும், அதை இலவசமாக வெளியிடுவதைவிட ஆப்பிளிடமே தெரிவித்துப் பரிசு பெறுவது அவருக்கு லாபம். ஆப்பிளின் பரிசுத் திட்டம் 2019 டிசம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்டபோது உச்சத் தொகை பத்து லட்சம் டாலர். ஆகவே புதிய போன்களுக்கு ஜெயில்பிரேக் வரும் என்று காத்திருந்து அதன்மேல் திட்டம் போடாதீர்கள். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பழைய போன்களின் கதை வேறு. அது உங்களுக்குச் சாதகமானது.

ஐஓஎஸ் ஒரு நிரலை ஓடவிடும் முன், அதன் குறியீடு ஆப்பிள் ஏற்றுக்கொண்ட கையொப்பத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறது. ஏஎம்எஃப்ஐ என்ற பகுதிக்கு இதில் பெரும் பங்கு. கையொப்பம் சரியாக இருந்தாலும் ஆப் ஸ்டோர் செயலி சாண்ட்பாக்ஸ் எனப்படும் தன் வேலியை விட்டு வெளியே வர முடியாது. மற்றொரு செயலியின் கோப்பைப் பார்க்க முடியாது. எந்தெந்தச் சேவைகளைத் தொடலாம் என்பதை அதனோடு கையொப்பமிடப்பட்ட என்டைட்டில்மெண்ட் பட்டியல் தீர்மானிக்கிறது. ஏதாவது ஓர் ஓட்டை வழியாகக் கர்னல் அளவிலான அதிகாரத்தைப் பெற்று, இந்தச் சோதனைகளை நாம் சொன்னபடி தளரச் செய்வதே ஜெயில்பிரேக். பெரும்பாலான ஓட்டைகள் மென்பொருளில் இருப்பவை என்பதால் அடுத்த புதுப்பிப்பில் அடைபட்டுவிடும். 2019 செப்டம்பர் 27 அன்று ஆக்ஸியம்எக்ஸ் என்ற புனைபெயரில் இயங்குபவர் வெளியிட்ட செக்மெய்ட் அப்படிப்பட்டதன்று. போன் உயிர்பெறும்போது முதன்முதலில் ஓடும் பூட்ரோம் குறியீட்டில், யுஎஸ்பி வழி வரும் தரவைக் கையாளும் இடத்தில் அந்தப் பிழை இருக்கிறது. பூட்ரோம் சிப்பிலேயே பொறிக்கப்பட்டது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த பிறகு எந்தப் புதுப்பிப்பாலும் அதை மாற்ற முடியாது. ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்கள், அதாவது ஐபோன் 4எஸ் தொடங்கி ஐபோன் எக்ஸ் வரையிலானவை, இதற்கு உட்பட்டவை. நீங்கள் சொன்ன இரண்டு போன்களும் அந்த எல்லைக்குள் வருகின்றன.

எது வாங்கலாம் என்றால், கற்பதற்கு ஐபோன் 7 போதும் என்பேன். அது ஐஓஎஸ் 15-ஓடு நின்றுவிட்டது. 8-க்கு ஐஓஎஸ் 16 வரை உண்டு. ஐஓஎஸ் 15-உம் அதற்கு மேலும் உள்ள இந்தப் பழைய போன்களுக்குப் பாலெரெய்ன் என்ற கருவி இருக்கிறது; செக்மெய்ட் பிழையைப் பயன்படுத்துவது; லினக்ஸிலிருந்தே இயக்கலாம். ஆனால் 8-இல் உள்ள ஏ11 சிப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஜெயில்பிரேக் நிலையில் திரைப்பூட்டு எண் வைக்க முடியாது, ஐஓஎஸ் 16 என்றால், போனைக் கடைசியாக அழித்து மீட்டமைத்த பிறகு ஒருமுறை பூட்டு எண் வைத்திருந்தாலும் மறுபடி அழித்துத்தான் தொடங்க வேண்டும். 7-இல் இந்தச் சிக்கல் இல்லை. அதற்கென்று வேறு குறை இருக்கிறது: அந்த மாடலில் ஒலிச் சிப் பழுதாவது பரவலானது. கடையில் நிற்கும்போதே வாய்ஸ் மெமோஸ் திறந்து சில வார்த்தைகள் பேசிப் பதிவாகிறதா என்று பாருங்கள். பதிவுப் பொத்தானே வேலை செய்யாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விற்பவரின் ஐகிளவுட் கணக்கு போனில் இருக்கிறதா என்று பார்த்து, உங்கள் கண்ணெதிரே வெளியேறி அழித்துத் தரச் சொல்லுங்கள். பழைய உரிமையாளரின் கணக்கோடு பூட்டப்பட்ட, அதாவது ஆக்டிவேஷன் லாக் விழுந்த, போன் உங்களுக்குப் பயன்படாது. நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்துகளோடு இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ தடுக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம். கூடவே பழைய அகல யுஎஸ்பி முனை கொண்ட கேபிள் ஒன்றை வாங்கி வையுங்கள். ஒருபுறம் டைப்-சி, மறுபுறம் லைட்னிங் என்று வரும் கேபிள்களில், ஜெயில்பிரேக் செய்யப் போனை வைக்க வேண்டிய டிஎஃப்யு நிலைக்குப் போவது அடிக்கடி தகராறு செய்கிறது. இவ்வகை ஜெயில்பிரேக் நினைவகத்தில் மட்டுமே நிற்பது என்பதால், போன் அணைந்து எழுந்தால் சாதாரண ஐபோனாகத்தான் எழும். மறுபடி மடிக்கணினியில் செருகித் திறக்க வேண்டும். கற்பவருக்கு அது பெரிய தொல்லையன்று. ட்வீக் எழுதிப் போன் குழம்பினால் அணைத்து எழுப்பும் வழி கையில் இருக்கிறது என்பது நிம்மதிதான்.

மேக் இல்லை என்ற கவலைக்கு வருகிறேன். ஆப் ஸ்டோருக்கு முறையாகச் செயலி எழுத ஆப்பிளின் நிரலாக்கக் கருவியான எக்ஸ்கோட் வேண்டும், எக்ஸ்கோடுக்கு மேக் வேண்டும், வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். இலவசக் கணக்கில் உங்கள் சொந்தப் போனில் போட்டுப் பார்க்கலாம் என்றாலும் ஏழு நாளில் கையொப்பம் காலாவதியாகி, செயலி திறக்காமல் போகும். ஜெயில்பிரேக் உலகில் பயன்படும் தியோஸ் என்ற கட்டமைப்புக் கருவிக்கு இவை எதுவும் தேவையில்லை. லினக்ஸில் இயங்கும், விண்டோஸுக்குள் இருக்கும் லினக்ஸ் துணையமைப்பிலும் இயங்கும். உங்களைப் போன்ற ஒரு மாணவருக்கு இந்த வழி பொருந்துவதற்கு இது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். பல அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். அது பழையதாகிவிட்டிருந்தால் டெபியனோ உபுண்டுவோ நிறுவிக்கொள்ளுங்கள். நினைவகம் குறைவாக இருந்தாலும் கவலை வேண்டாம். இங்கே பெரிய எடிட்டரோ சிமுலேட்டரோ ஓடப்போவதில்லை. முனையத்தில் தொகுத்து, எஸ்எஸ்எச் என்ற தொலைநுழைவு வழியாகப் போனுக்கு அனுப்பி, அங்கேயே ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை.

மொழி என்று பார்த்தால், முதலில் சி. அதிலும் சுட்டிகள், நினைவகத்தை ஒதுக்குவது, விடுவிப்பது, அழைப்புகளின் கணக்கு வைக்கும் ஸ்டாக் எங்கே வளர்கிறது என்பவை. இதைத் தாண்டிக் குதிக்க நினைக்காதீர்கள். ஜாவாவும் பைத்தானும் தெரிந்தவர்களுக்கு இந்த இடம்தான் சலிப்பூட்டும். பிறகு எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. அதன்பின் அப்ஜெக்டிவ்-சி. வெளியே எல்லோரும் ஆப்பிளின் புதிய மொழியான ஸ்விஃப்ட் கற்கச் சொல்வார்கள். ஆப் ஸ்டோர் வேலைக்கு அது சரி. ட்வீக்குக்கு அப்ஜெக்டிவ்-சி முதலில் வர வேண்டும் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அந்த மொழியில் ஒரு பொருளின் முறையை அழைப்பது என்பது, பெயர் எழுதிய ஒரு செய்தியை அதற்கு அனுப்புவது. அந்தப் பெயருக்கு உரிய குறியீடு எங்கே இருக்கிறது என்பது நிரல் ஓடும்போதுதான் ஓர் அட்டவணையில் தேடி அறியப்படுகிறது. அஞ்சலகத்தில் ஒருவரின் முகவரியை மாற்றிப் பதிந்துவிட்டால் அனுப்புபவருக்குத் தெரியாமலே கடிதம் புது வீட்டுக்குப் போவதைப் போல, அந்த அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் ஆப்பிளின் குறியீடு அழைக்கும் முறை நம் குறியீட்டுக்கு வந்து சேரும். ட்வீக் என்பதன் அடிப்படை இதுதான். ஸ்விஃப்ட்டில் பல அழைப்புகள் தொகுக்கும்போதே தீர்மானமாகிவிடுவதால் இந்த வழி அங்கே எளிதில் செல்லாது. ஸ்விஃப்டிலேயே ட்வீக் எழுத ஓரியன் என்ற கட்டமைப்பு இருக்கிறது. ஆனால் அதுவும் கீழே அப்ஜெக்டிவ்-சி வகுப்புகளைத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது.

தியோஸில் புதுத் திட்டம் தொடங்கினால் நான்கு சிறு கோப்புகள் கிடைக்கும். ஒன்று தொகுப்பதற்கான விதிகள். ஒன்று பொதியின் பெயரும் பதிப்பும். ஒன்று எந்தச் செயலிக்குள் நம் குறியீடு ஏற வேண்டும் என்ற வடிகட்டி. நான்காவது லோகோஸ் என்ற எளிய தொடரியலில் நாம் எழுதும் ட்வீக். சதவீதக் குறியோடு ஹுக் (கொக்கி) என்று எழுதி வகுப்பின் பெயரைச் சொன்னால், அதற்குக் கீழே வரும் முறைகள் அசலின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். அதே குறியோடு ஒரிஜ் என்று எழுதினால் அசல் முறை அழைக்கப்படும்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி எழுத ஆசைப்பட்ட முதல் ட்வீக்கைச் சொன்னால் இது எப்படி நடக்கும் என்பது விளங்கும். பூட்டுத்திரையில் 10:45 என்பது ௧௦:௪௫ என்று தமிழ் எண்களில் தெரிய வேண்டும் என்றார். திரையில் எழுத்து காட்டும் அடிப்படை வகுப்பைப் பிடித்து, அதில் எழுத்தை வைக்கும் முறைக்குள் புகுந்து, எண்களை மாற்றி அசலுக்கு அனுப்பினார். வடிகட்டியை எல்லாச் செயலிகளுக்கும் திறந்து வைத்திருந்ததால், அமைப்புகள் பக்கத்திலும் அழைப்புப் பட்டியலிலும்கூட எண்கள் மாறிவிட்டன. வடிகட்டியை ஸ்பிரிங்போர்டுக்கு மட்டும், அதாவது முகப்புத் திரையையும் பூட்டுத்திரையையும் நடத்தும் நிரலுக்கு மட்டும், குறுக்கினார். அடுத்து, ஒரிஜ் எழுத வேண்டிய இடத்தில் அதே முறையை நேரடியாக அழைத்துவிட்டார். அது மீண்டும் அவருடைய குறியீட்டுக்கே வந்து, அங்கிருந்து மறுபடியும் தன்னையே அழைத்து, ஸ்டாக் நிரம்பி ஸ்பிரிங்போர்டு விழுந்தது. ட்வீக் எதுவும் ஏறாத சேஃப் மோடில் போன் வந்து நின்றது. விபத்துப் பதிவைத் திறந்தால், ஒரே முறையின் பெயர் வரிக்கு வரி திரும்பத் திரும்ப நூற்றுக்கணக்கில் கிடந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று அவருக்கு ஸ்டாக் என்றால் என்னவென்று புரிந்த அளவுக்கு எந்தப் பாடப்புத்தகமும் புரியவைத்திருக்காது என்பது என் எண்ணம். பிறகு ஃபிளெக்ஸ் என்ற கருவியால் பூட்டுத்திரையைத் தொட்டு ஆராய்ந்து, நேரத்தைக் காட்டும் குறிப்பிட்ட வகுப்பைக் கண்டுபிடித்து, கொக்கியை அங்கே மட்டும் மாட்டினார். எழுத்தே இல்லாமல் வெற்றுச் சுட்டி வந்தால் என்ன செய்வது என்ற சோதனையையும் சேர்த்தார். ஐஓஎஸ் 15-இல் ஒழுங்காக ஓடிய அது 16-இல் ஒன்றும் செய்யவில்லை. 16-இல் பூட்டுத்திரையே புதிதாக எழுதப்பட்டு, வகுப்புகள் மாறிவிட்டன. வெளியில் ஆவணமே இல்லாத உள்வகுப்புகளை நம்பி எழுதும் குறியீட்டுக்கு இந்த நிலையாமை எப்போதும் உண்டு.

இணையத்தில் கிடைக்கும் பாடங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றில் பெரும்பகுதி ஐஓஎஸ் 15-க்கு முன் எழுதப்பட்டவை. அப்போது ட்வீக்குகள் இயங்குதளப் பகுதியின் லைப்ரரி அடைவுக்குள்ளேயே போய் அமர்ந்தன. ஐஓஎஸ் 15 முதல் இயங்குதளப் பகுதி முழுவதும் முத்திரையிட்டுச் சரிபார்க்கப்படுவதால், ஜெயில்பிரேக் சார்ந்த கோப்புகள் வேர் அடைவைத் தொடாமல், வார் என்ற அடைவின் கீழ் ஜேபி என்ற பாதையில் வைக்கப்படுகின்றன. இதை ரூட்லெஸ் என்பார்கள். பொதியின் கட்டமைப்புப் பெயரும் இதற்கேற்ப மாறியிருக்கிறது. பழைய பாடத்தை வரிக்கு வரி பின்பற்றி, பொதி நிறுவப்பட்டும் எதுவும் நடக்கவில்லை என்று குழம்புபவர்களில் பலருக்குக் காரணம் இந்தப் பாதை மாற்றம்தான். தியோஸில் ரூட்லெஸ் என்று ஒரு வரி அமைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். குறியீட்டுக்குள் நீங்களே முழுப் பாதையை எழுதியிருந்தால் அதை நீங்களேதான் மாற்ற வேண்டும்.

ட்வீக்குகள் சில எழுதிப் பழகியபின், அதோடு நின்றுவிடாமல் படிக்கும் பக்கம் போங்கள். மதிப்பு அதிகம் இருப்பது அங்கேதான். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் இலவசமாக வெளியிட்ட கீட்ரா, தொகுக்கப்பட்ட நிரலைப் பிரித்து, ஏறக்குறைய சி போலத் தெரியும் வடிவில் காட்டும். ஐபோன் சிப்பின் மொழியான ஆர்ம்64 கட்டளைகளில் ஐம்பது தெரிந்தாலே நெடுந்தூரம் போகலாம். ஒரு பொருளின் முறை அழைக்கப்படும்போது சிப்பின் முதல் பதிவேட்டில் (ரெஜிஸ்டர்) அந்தப் பொருளும், இரண்டாவதில் முறையின் பெயரும், மூன்றாவதிலிருந்து நாம் தரும் மதிப்புகளும் இருக்கும். திரும்பி வரும் விடை முதல் பதிவேட்டிலேயே இருக்கும். இந்த ஒரு விதி மனதில் பதிந்தால் பக்கம் பக்கமாக வரும் குறியீட்டில் பாதி தானாகவே புரியத் தொடங்கும். ஃப்ரீடா என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்குள் சிறு ஜாவாஸ்கிரிப்டைச் செலுத்தி, எந்த முறை எந்த மதிப்போடு அழைக்கப்படுகிறது என்று நேரடியாகக் காட்டும். பழகுவதற்கென்றே வேண்டுமென்று ஓட்டைகளோடு எழுதப்பட்ட டிவிஐஏ போன்ற செயலிகளும், மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்டிருக்கும் பயிற்சிச் செயலிகளும் இருக்கின்றன. அந்த அமைப்பின் மொபைல் சோதனை வழிகாட்டி இலவசம். ஐஓஎஸ் பகுதியை ஒரு பாடத்திட்டம்போலவே எடுத்துப் படிக்கலாம்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்மார்ட்போனை ஜெயில்பிரேக் செய்வதற்கு 2010 முதல் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வெளிப்படையான விலக்கு இருக்கிறது; இணையத்தில் ‘இது சட்டப்படி சரி’ என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த விலக்கு நமக்குப் பொருந்தாது. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, முறையாகப் பெற்ற கணினி நிரல் எப்படி இயங்குகிறது என்று கவனித்து, ஆராய்ந்து, சோதிப்பதற்கு இடம் தருகிறது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள், கணினியின் உரிமையாளர் அனுமதியின்றிச் செய்யும் செயல்களைப் பற்றியவை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், நீங்கள் பில்லோடு வாங்கிய உங்கள் சொந்தப் போனில், கற்பதற்காக, உங்கள் சொந்த ட்வீக்கை ஓட்டுவது குற்றமாகாது என்பது என் புரிதல். சட்டத்தின் வாசகம் உறுதி. அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு என் கருத்து மட்டுமே. ஆப்பிளின் உரிம ஒப்பந்தத்துக்கு இது முரணானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒப்பந்த மீறல் வேறு, குற்றம் வேறு. அப்பாவிடம் இந்த வேறுபாட்டையே எடுத்துச் சொல்லுங்கள்.

ஐயத்துக்கே இடமில்லாத எல்லைகளும் இருக்கின்றன. பணம் கொடுத்து வாங்க வேண்டிய செயலியை உடைத்து இலவசமாகப் போட்டுக்கொள்வதும் பிறருக்குத் தருவதும் மேற்சொன்ன 65ஏ பிரிவுக்குள் நேராகப் போய் விழும். நண்பரின் போனை அவருக்குத் தெரியாமல் திறந்து கண்காணிப்பு நிரல் போடுவது, யார் கேட்டாலும், காதலர் கேட்டாலும் பெற்றோர் கேட்டாலும், செய்யக்கூடாத செயல். இந்தத் திறமை கையில் இருக்கிறது என்று தெரிந்தால் இப்படிக் கேட்டு வருபவர்கள் நிச்சயம் வருவார்கள், தம்பி. இப்போதே பதிலை முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனில் இருக்கும் ஒரு செயலியைப் பிரித்துப் படிப்பது ஒன்று. அது பேசும் சர்வரைத் தட்டிப் பார்ப்பது முற்றிலும் வேறு. இரண்டாவதற்கு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியோ, அறிவிக்கப்பட்ட பரிசுத் திட்டமோ இருக்க வேண்டும்.

அந்தப் போனில் வங்கிக் கணக்கும் யுபிஐயும் அன்றாட மின்னஞ்சலும் இருக்கவே கூடாது. பல வங்கிச் செயலிகள் ஜெயில்பிரேக்கைக் கண்டால் திறக்கவே மறுக்கும்; அதை ஏமாற்றித் திறக்கும் ட்வீக்குகளை நாடாதீர்கள். பூட்டைத் தளர்த்திய போனில் பிறர் எழுதிய ட்வீக்குக்குச் சாண்ட்பாக்ஸ் தடை அவ்வளவாக இல்லை. 2015-இல் வெளிச்சத்துக்கு வந்த கீரெய்டர் என்ற தீநிரல், ஜெயில்பிரேக் செய்த போன்களிலிருந்து இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிள் கணக்குகளின் விவரங்களைத் திருடியது. அது பரவியது ட்வீக்குகளின் வழியாகத்தான். அதற்கும் முன்னே, 2009 நவம்பரில், ஆஸ்திரேலியாவில் ஈக்கி என்ற புழுநிரல் போனுக்குப் போன் தாவியது. ஐபோன்களில் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் ஆல்பைன் என்பது ஊரறிந்த செய்தியாக இருந்தும், எஸ்எஸ்எச் நிறுவியவர்கள் அதை மாற்றாமல் விட்டதே அதற்குப் போதுமானதாக இருந்தது. புதிய கருவிகள் தொடக்கத்திலேயே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குகின்றன. அங்கே பிறந்தநாளை அடிக்காமல் உருப்படியான ஒன்றை வையுங்கள். விடுதி வைஃபையில் அந்தப் போனை விட்டுவைக்காதீர்கள்.

இனி வேலை. ‘ஜெயில்பிரேக் நிரலாளர்’ என்ற பெயரில் யாரும் ஆள் எடுப்பதில்லை. மொபைல் செயலிப் பாதுகாப்புச் சோதனை, தீநிரல் ஆய்வு, செயலிகளைச் சேதப்படுத்துவதிலிருந்து காக்கும் கருவிகளை எழுதுவது ஆகிய மூன்று துறைகளில் இந்த அறிவு நேரடியாகப் பயன்படும். சாதாரண ஐஓஎஸ் வேலையிலும், விபத்துப் பதிவைப் படித்துக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. இவற்றுக்கான பணியிடங்கள் சென்னை, பெங்களூருவில் அதிகம். கடலூர், புதுச்சேரியில் அரிது. வீட்டிலிருந்தே செய்யும் ஒப்பந்த வேலைகள் பழக்கமும் நம்பிக்கையும் சேர்ந்தபின் வருகின்றன. உங்களுக்கு வேலை கிடைத்தே தீரும் என்று நான் உறுதி தர முடியாது. மூலநிரலோடு வெளியிட்ட இரண்டு ட்வீக்குகள், ஒரு பயிற்சிச் செயலியை எப்படிப் பிரித்துப் படித்தீர்கள் என்று தெளிவாக எழுதிய சில கட்டுரைகள், இவை சான்றிதழ் அட்டைகளைவிட நேர்காணலில் அதிகம் பேசும் என்பதை மட்டும் ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்ல முடியும். கல்லூரிப் பாடங்களில் இயங்குதளமும் கணினிக் கட்டமைப்பும் இதே காரணத்துக்காக முக்கியம்; மதிப்பெண்ணுக்காக மட்டும் கடந்துவிடாதீர்கள்.

தனியாகக் கற்பது கடினமாக இருந்தால், பக்கத்திலேயே ஆட்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள், வன்பொருள் இயக்கமும், விழுப்புரத்தில் விஜிஎல்யூஜி அமைப்பும் மாணவர்களோடு நெருங்கிப் பழகுபவை. ஐபோனில் அவர்களுக்குப் பெரிய நாட்டம் இருக்காது. மூடிய தளத்தில் ஏன் நேரத்தைச் செலவிடுகிறாய் என்றுகூடக் கேட்கலாம், அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் லினக்ஸ், சி, கிட் ஆகிய மூன்றிலும் தடுமாறும்போது நேரில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைப்பது பெரிய உதவி.

இந்த வாரம் செய்ய வேண்டியது மடிக்கணினியில் லினக்ஸைப் போட்டு சி தொடங்குவதுதான். போன் அடுத்த மாதம் வந்தாலும் நஷ்டமில்லை. கடைக்குப் போகும்போது, அமைப்புகளில் பொது என்ற பகுதிக்குள் அறிமுகம் பக்கத்தைத் திறந்து மாடல் எண்ணையும் ஐஓஎஸ் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு வாருங்கள். கடைக்காரர் ‘அப்டேட் பண்ணித் தரேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு எண்களையும் இங்கே எழுதினால், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பு அதற்குச் சரியாக வரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.